மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிளாடியேட்டர்

மெஷின் டிராயிங் வகுப்பில் மாடலையும் ஷீட்டையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து வலித்த நம்மவர்களுக்கு இந்த ஓவியம் பிடிக்கும். இங்கிலாந்தின் டார்பி நகரத்து ஜோசப் ரைட் 1765-இல் காட்சிக்கு வைத்தது. ஒரு மெழுகுவர்த்தி, மூன்று பேர், நடுவில் கிளாடியேட்டர் சிலை. கையில் அதன் படம். சரியா வந்திருக்கா என்று ஒப்பிடுகிறார்கள்.

சிலையோ சிறிய நகல்தான். எபேசஸ் நகரத்து அகாசியாஸ் செதுக்கிய சலவைக்கல் மூலம் அப்போது ரோமில், போர்கேசே குடும்பத்திடம் இருந்தது. (1807-இல் நெப்போலியன் வாங்கிவிட்டார், இன்று பாரிஸ் லூவ்ரில்.) ரைட் இத்தாலி போனதே 1773-இல்தான். மூலத்தைப் பார்க்காமலே இவ்வளவு துல்லியம் எப்படி வந்தது? வெளிச்சம்தான் காரணம் என்பேன். பகல் ஒளி நாலா பக்கமும் பரவி மேடுபள்ளத்தை மழுங்கடித்துவிடும். ஒற்றைச் சுடர் ஒவ்வொரு தசையையும் காட்டிக் கொடுத்துவிடும். கேஸ்டிங் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நாம் விரிசல் தேடுகிறோமே, அதே சமாச்சாரம்!