புல்தரைக் குதிரையும் அமெரிக்க மண் தடமும்

குதிரைப் பந்தய உலகைக் குறிக்கும் 'டர்ஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புல்தரை என்பதே நேர்ப்பொருள். 1883இல் அமைந்த மும்பையின் மகாலட்சுமி ரேஸ் கோர்ஸும் அந்தப் பெயருக்கு ஏற்பப் புல்தரை ஓட்டத்துக்கே உரியது. அமெரிக்காவின் தலையாய பந்தயங்களோ மண் தடத்தில் நடப்பவை. ஆகவே புல்லில் ஓடிப் பழகிய அயல்நாட்டுக் குதிரை அங்கே வெல்லுமா என்று கணிப்பவர், அது முன்பு பெற்ற வெற்றிகளை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்கே கைக்கு வரும். அதன் குருதியில் மண்ணுக்கு ஏற்ற வேகம் இருக்கிறதா என்ற மறுபாதிக்கு விடை கிடைக்கச் சில வேளைகளில் இரண்டு தலைமுறைகூட ஆகியிருக்கிறது.

மண் தடம் என்பது வெறும் வயல்வெளி மண் அன்று. இறுக்கப்பட்ட அடித்தளத்தின்மேல் மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்து ஏறத்தாழ 3 அங்குல உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் கிளறிச் சமன் செய்கிறார்கள். முன்னே ஓடும் குதிரையின் குளம்பு வாரியெறியும் மண், பின்னே வருவதன் முகத்திலும் மார்பிலும் ஓயாமல் அறைகிறது. அதனால் ஜாக்கிகள் பல கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு, மேலுள்ளது மண்ணால் மூடியதும் அதைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு அடுத்ததன் வழியே பார்த்து ஓட்டுகிறார்கள். இந்த அறைச்சலுக்குப் பழகாத குதிரை தலையைத் தூக்கி மிரண்டு பின்வாங்கிவிடும். முன்னிடத்தைப் பிடிக்கத் தொடக்கத்திலேயே எல்லாக் குதிரைகளும் பாய்வதும், மெல்லத் தொடங்கிக் கடைசி மூன்று பர்லாங்கில் விரையும் ஐரோப்பிய முறைக்கு மாறானது.

இந்த வேறுபாடு எத்தனை பெரிது என்பதைப் பம்பாயோடு தொடர்புடைய இரண்டு லாயங்களின் குதிரைகள் உணர்த்தின. நெருளிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஹார்பர் ரயிலில் வரும் தமிழர்கள் நாள்தோறும் கடந்துபோகும் மஸ்காவ் பகுதியில், ஹசனாபாத் என்ற வெண்ணிறக் கல்லறை மாளிகையில், பம்பாய்ப் பந்தயங்களில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த முதலாம் ஆகா கான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருடைய பேரனான மூன்றாம் ஆகா கான் அந்த ஈடுபாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். மற்ற லாயத்துக்கு உரியவர் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட். மகாலட்சுமியில் 1943இல் நடந்த முதல் இந்தியன் டெர்பியை வென்ற பிரின்சஸ் பியூட்டிஃபுல் அவருடைய குடும்பத்துக் குதிரையே. 1948ஆம் ஆண்டு எப்சம் டெர்பியில் ஆகா கானின் நூர் மூன்றாவதாகவும் பரோடாவின் மை பாபு நான்காவதாகவும் வந்தன. அன்றைக்கு மதிப்பு மிகுந்தது மை பாபுதான். ஒரு மைல் தொலைவுள்ள 2000 கினீஸ் பந்தயத்தை அதே ஆண்டில் வென்றிருந்தது.

நூர் கலிபோர்னியாவுக்கு விற்கப்பட்டு, சீபிஸ்கிட் குதிரையால் புகழ்பெற்றிருந்த சார்லஸ் ஹோவர்டிடம் சென்றது. 1950இல் சாண்டா அனிதா ஹேண்டிகேப்பில் அது சைட்டேஷனை எதிர்கொண்டது. சைட்டேஷனோ 1948இல் அமெரிக்காவின் மும்முடியை, அதாவது கெண்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்றையும், வென்ற குதிரை. ஹேண்டிகேப் என்பது வலிமைக்குத் தக்கபடி எடை ஏற்றி வாய்ப்பைச் சமன் செய்யும் முறை. சைட்டேஷன் 132 பவுண்டு சுமக்க, நூர் 110 பவுண்டு மட்டும் சுமந்து வென்றது. 22 பவுண்டுச் சலுகையில் கிடைத்த வெற்றி என்று அதை ஒதுக்குவது அப்போது எளிது. எடைக் கணக்கை வைத்துப் பார்த்தால் அது நியாயமும்கூட. ஆனால் சலுகை அடுத்த சந்திப்பில் 13 பவுண்டாகவும் அதற்கடுத்து 5 பவுண்டாகவும் சுருங்கியபோதும் நூரே வென்றது. கோல்டன் கேட் ஹேண்டிகேப்பில் நூருக்கு 127, சைட்டேஷனுக்கு 126 பவுண்டு. சலுகை தலைகீழான அந்த நாளிலும் நூர், ஒன்றேகால் மைலை 1 நிமிடம் 58 1/5 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தது. எப்சமில் மூன்றாமிடத்தோடு நின்ற குதிரைக்குள் இப்படியொரு ஆற்றல் உறைந்திருந்ததைப் புல்தரைப் பதிவேடு எதுவும் காட்டியிருக்க முடியாது.

மை பாபு அமெரிக்க மண்ணில் ஓடவே இல்லை. 1956இல் பொலிகுதிரையாகக் கெண்டக்கியின் ஸ்பெண்ட்திரிஃப்ட் பண்ணைக்குப் போனது. அதன் மகன் குரோசியர் 1961 கெண்டக்கி டெர்பியின் கடைசி நேர்வழியில் முன்னணியில் நின்று, முக்கால் குதிரை நீளத்தில் கேரி பேக் என்ற குதிரையிடம் தோற்றது. பிறகு 1963இல் சாண்டா அனிதா ஹேண்டிகேப்பை வென்றது. மை பாபுவின் மகள் ஒன்றுக்குக் கேரளா என்று பெயர். பந்தயத்தில் ஒருமுறையும் இறங்காத அந்தப் பெட்டைக் குதிரை 1964இல் ஈன்ற குட்டிதான் டமாஸ்கஸ். அது 1967இல் பிரீக்னஸையும் பெல்மான்ட்டையும் வென்று, சரடோகாவின் சேற்றில் டிராவர்ஸ் பந்தயத்தை 22 குதிரை நீளத்தில் முடித்து, அந்த இலையுதிர் காலத்தில் உட்வர்ட் பந்தயத்தில் பக்பாசர், டாக்டர் ஃபேகர் என்ற குதிரைகளை 10 நீளம் பின்னே விட்டு எல்லைக்கோட்டைக் கடந்தது.