தம்பானை

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தில் உள்ள வேடர் குடியிருப்பு. மகியங்கனையிலிருந்து பதியத்தலாவைக்குப் போகும் வீதியில் இருந்து பிரிந்து உள்ளே செல்ல வேண்டும். பதுளைத் தோட்டப்புறத்தார் பசறை, லுணுகலை வழியே மலையிறங்கி, பிபிலையில் திரும்பியும் இங்கு வரலாம். இங்குள்ளோர் தம்மை 'வன்னியலெத்தோ', அதாவது காட்டில் வாழ்வோர் என்று சொல்லிக்கொள்கின்றனர்.

ஊருக்குள் நுழைகிறவர் முதலில் தலைவரைக் காண வேண்டும். முந்தைய தலைவர் திசாஹாமி 1998இல் மறைந்த பின் அவர் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ தலைவரானார். வெற்றிலைக் கட்டு கொண்டுபோவது வழக்கம். கைகூப்புவதில்லை, ஒருவர் முன்னங்கைகளை மற்றவர் இரு கைகளாலும் பற்றிக்கொள்வதே வேடர் வணக்கம்.

தேங்காய்ப்பால் பாத்திரத்தைச் சுற்றி ஆடும் கிரி கொரஹா, வேட்டை கைகூட வேண்டிக் கந்தே யக்கா என்னும் ஆவியை அழைக்கும் சடங்கு. வந்தவர் கேட்டதும் அரைமணி நேரம் ஆடிக் காட்டச் சொல்வது தகாது. தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்காக மாசியில் காமன் ஊன்றி, விரதமிருந்து ரதி மன்மதன் வேடம் கட்டுவோரை ஐப்பசியில் அழைத்து ஆடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இதுவும் அப்படித்தான்.

வேடரைக் காட்சிப்பொருளாக்கியது நேற்றுத் தொடங்கியதல்ல. மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வு நூலிலேயே, பயணிகள் முன் அடிக்கடி நிறுத்தப்பட்டு, 'ஆதிமனிதர்' வேடம் பூணப் பழகிவிட்ட தனிகலை வேடரைப் பற்றிய குறிப்பு உண்டு.

1983இல் மகாவலித் திட்டத்தை ஒட்டி மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, வேட்டையாடிய, தேன் எடுத்த காடு சட்டப்படி அவர்களுக்கு மூடப்பட்டது. பல குடும்பங்கள் ஹெனானிகலை முதலிய குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. திசாஹாமியும் சில குடும்பத்தாரும் நகர மறுத்தனர். காட்டுரிமை கேட்டு வன்னில எத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐ.நா. பழங்குடியினர் செயற்குழு முன் பேசினார். வேட்டை தடுக்கப்பட்டவரிடம் வில்லை வளைத்துக் காட்டச் சொல்லிப் படம் பிடிக்கிறோம் என்பதை அங்கு போகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். லுணுகலைப் பக்கத்து மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இது சொல்லாமலே புரியும். வேனை நிறுத்தி, ஒரு வார்த்தை கேட்காமல் படமெடுத்துப் போவோரை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

தமிழருக்கு வேடர் வள்ளி கதையால் நெருக்கமானவர்கள். கதிர்காமமும் ஊவாவில்தான் உள்ளது. ஆனாலும் தம்பானையில் புராணத்தைத் தேடக் கூடாது. அங்குள்ள பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பெரியவர்கள் பயிர் செய்கிறார்கள்.

வேடர் உள்நாட்டில் மட்டுமல்ல, கரையோரத்திலும் வாழ்கின்றனர். திருகோணமலைக்குத் தெற்கே மூதூர், வாகரை, பனிச்சங்கேணிப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர் தமிழ் பேசுவோர். மீன்பிடியும் சேனைப் பயிரும் அவர்கள் தொழில். லுணுகலையைக் கடந்து பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடி வரை இறங்கும் வீதி இந்தக் கரையோரத்தின் பக்கமாகத்தான் முடிகிறது.