எடுக்கக் கூடாத போன்

சித்தி மகன் வேலை கிடைத்து சிங்கப்பூர் கிளம்பியபோது வழியனுப்ப பெருங்குடி விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். உள்ளே நுழையுமுன் அவன் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: "அண்ணே, ரோமிங் பேக் போட்டுக்கிறவா, இல்ல அங்க போய் சிம் வாங்கிக்கிறவா?" சித்திக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "எறங்குனதும் ஒரு மிஸ்டு கால் குடுப்பா" என்றார். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்தே பேசலாமே என்றதற்கு, "அதெல்லாம் பெறகு பேசிக்கிருவோம். மொத மிஸ்டு கால் குடு" என்று சொல்லிவிட்டார்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நூற்றைம்பது வருசக் கதை இருக்கிறது. கடல் தாண்டிப் போனவன் வீட்டோடு பேச ஒவ்வொரு காலத்திலும் ஒரு விலை இருந்தது. அந்த விலையை எதை வைத்து அளந்தார்களோ, சனங்கள் அதைக் குறுக்கினார்கள். சொல்லுக்குக் காசு என்றபோது சொல்லைக் குறுக்கினார்கள். நிமிசத்துக்குக் காசு என்றபோது பேச்சைக் குறுக்கினார்கள். இப்போது எம்பிக்குக் காசு.

1870இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் தந்திக் கம்பி இறக்கினார்கள். அங்கிருந்து அது சிங்கப்பூருக்குப் போனது. போட்டது பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் டெலிகிராஃப் என்ற கம்பெனி. அதன் பிறகான பத்தாண்டுகளில் நம் பக்கத்து ஆட்கள் கங்காணிகள் பின்னால் மலாயாத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களில் யாரும் ஊருக்குத் தந்தி அடித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்கிய கட்டணம் வியாபாரிக்கும் சர்க்காருக்கும்தான் கட்டுப்படியாகும். கூலிக்காரனுக்கு வாய்த்தது கப்பலில் போகும் கடிதம், அதுவும் எழுதத் தெரிந்த ஒருத்தர் கிடைத்தால்.

ஆனால் வியாபாரிகளுக்கே அந்த விலை வலித்திருக்கிறது. அதனால் உருவானவைதான் தந்திச் சங்கேத அகராதிகள். 1873இல் கிளாசன்-தூ என்பவர் வெளியிட்ட ஏ.பி.சி. கோடு அவற்றில் பேர்பெற்றது. ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல். இரண்டு முனையிலும் அதே புத்தகம் இருந்தால் போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வழி திறந்தது. உச்சரிக்க முடிந்தால் பத்து எழுத்து வரையுள்ள எந்தக் கலவையையும் ஒரே சொல்லாகக் கணக்கிடலாம் என்று சர்வதேச விதி தளர்ந்தது. உடனே ஐந்தெழுத்துச் சங்கேதங்களை உண்டாக்கி, இரண்டிரண்டாக ஒட்டி, ஒரு சொல்லின் காசில் இரண்டு வாக்கியம் அனுப்பினார்கள். 1906இல் வந்த பென்ட்லி கோடு இந்த வகை. இன்று நாம் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதற்கும் அன்று அவர்கள் செய்ததற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. நம் அஞ்சல் துறையும்கூட வாழ்த்துத் தந்தி வாசகங்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்தது. கல்யாண வாழ்த்துக்கு எண்ணைச் சொன்னால் போதும், மிச்சத்தை அங்கே அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

எங்கள் ஊரில் தந்தி என்றால் வாழ்த்து இல்லை. தந்திக்காரர் சைக்கிள் தெருவுக்குள் திரும்பினாலே அழுகை தொடங்கிவிடும் என்று அப்பத்தா சொல்வார். அவ்வளவு காசு செலவழித்துச் சொல்ல வேண்டிய சேதி வேறென்ன இருக்க முடியும்?

*

என் தலைமுறைக்கு ஓரளவு ஞாபகம் இருப்பது மஞ்சள் போர்டுதான். எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. 1984இல் தொடங்கிய சி-டாட், சாம் பிட்ரோடா என்று இதன் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியம் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அந்தச் சிவப்பு எண். பேசப் பேச அது ஏறும். மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பூத்தில் அம்மா பேசும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மீட்டரில் வைத்திருப்பார். உள்நாட்டுக் கால்களுக்கு ராத்திரியானால் பாதி, இன்னும் நேரம் போனால் கால் கட்டணம். அதனால் பத்து மணிக்கு மேல்தான் பூத் வாசலில் கூட்டம். ஊரே அடங்கின பிறகு சனங்கள் பம்பாய்க்கும் சூரத்துக்கும் கத்திக் கத்திப் பேசினார்கள்.

வெளிநாட்டுக் கால் ஏன் அப்படி விலை விற்றது? கம்பி தூரம் மட்டும் காரணமில்லை. வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பு முழுக்க வி.எஸ்.என்.எல். என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் காலுக்கு இரண்டு பக்கத்து நிறுவனங்களும் ஒரு விலை பேசி, அதைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறை உலகம் முழுக்க இருந்தது. உள்ளே வரும் கால்கள் அதிகமாக இருக்கும் ஏழை நாடுகளுக்கு அது டாலர் வருமானம். யாருடைய கால்கள் அவை? வெளியே வேலைக்குப் போனவன் வீட்டுக்குப் பேசும் கால்கள்தான். வளைகுடாவில் வெல்டிங் அடித்தவனின் "நல்லா இருக்கியா" இரண்டு கஜானாக்களுக்கும் காசு கொடுத்தது. 2002 ஏப்ரலில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்தது. இணையம் வழியாகப் பேசவும் அதே மாதம்தான் இந்தியாவில் சட்டப்படி அனுமதி கிடைத்தது. அதன் பிறகுதான் விலை மளமளவென்று இறங்கியது.

அந்தப் பக்கம் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடும் நம் ஆட்கள் சுரண்டி எண் எடுக்கும் காலிங் கார்டுகளை வாங்கினார்கள். எந்தக் கார்டில் இந்தியாவுக்கு எத்தனை நிமிசம், எதில் சொன்னதற்கும் கிடைப்பதற்கும் வித்தியாசம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கேசட்டில் பேசிப் பதிந்து ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பியவர்களும் உண்டு. அப்பா தம்மாமிலிருந்து அனுப்பிய கேசட் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அரை மணி நேரப் பேச்சு, காசில்லாமல். ஆனால் பதில் போய்ச்சேர இரண்டு மாதம்.

*

2003 மே மாதத்திலிருந்து இந்தியாவில் மொபைலுக்கு வரும் அழைப்புகள் இலவசம். 1995இல் மொபைல் வந்த புதிதில் வரும் காலுக்கும் போகும் காலுக்கும் சேர்த்தே நிமிசக் கணக்கில் வாங்கினார்கள், அது பணக்காரர் சாமான். இன்கமிங் இலவசமானதும் எங்கள் வீட்டுக்கும் ஒரு நோக்கியா 1100 வந்தது. வந்த அன்றே அப்பா போட்ட சட்டம்:

ஒரு ரிங் அடித்து நின்றால், நல்லா இருக்கேன். இரண்டு என்றால், பணம் போட்டாச்சு. மூன்று என்றால் வெள்ளிக்கிழமை பேசுவேன், எல்லோரும் வீட்டில் இருங்க.

ஏ.பி.சி. கோட்டை அப்பா பார்த்ததில்லை. ஆனால் செய்தது அதேதான், சொற்களே இல்லாமல். உலகம் பூராவும் ஏழைகள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் இதற்கு பீப்பிங், ஃப்ளாஷிங் என்று பெயர். ஜொனாதன் டோனர் என்ற ஆய்வாளர் ருவாண்டாவில் இதைக் கவனித்து, யார் யாருக்கு அடிக்கலாம், யார் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்ற எழுதாத விதிகளைப் பற்றி 2007இல் கட்டுரையே எழுதினார். இங்கே மிஸ்டு காலை வைத்து ஜிப்டயல் என்ற பெங்களூர் கம்பெனி தொழில் நடத்தியது. 2015இல் ட்விட்டர் அதை வாங்கியது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்கு அமெரிக்காவில் விலை வைத்தார்கள் என்று அப்போது படித்துச் சிரித்தேன்.

இந்தச் சங்கேதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கூப்பிடுகிறவர் காதில் கேட்கும் மணியும் இந்தப் பக்கம் அடிக்கும் மணியும் ஒன்றல்ல. அவருக்குக் கேட்பது நெட்வொர்க் போடும் சத்தம். அவர் இரண்டு எண்ணியிருப்பார், இங்கே மூன்று அடித்திருக்கும். பணம் வந்திருக்கும் என்று பேங்குக்கு நடந்துபோய் அம்மா வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு.

ஆனால் பெரிய ஓட்டை அதுவல்ல. சட்டத்தின் கடைசி வரி: யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவருக்குக் காசு போய்விடும். அவசரம் என்றால் மட்டும் எடுக்கலாம். அதாவது, எடுக்காமல் இருந்தால் வீட்டில் எல்லோரும் சுகம்.

2005இல் அப்பத்தா ஒரு சாயங்காலம் செத்துப்போனார். வீடு நிறைய ஆட்கள், ஒப்பாரி. சித்தப்பா டவுனுக்குப் போய் அப்பா வேலை பார்த்த இடத்துக்குப் போன் போட முயன்றுகொண்டிருந்தார், லைன் கிடைக்கவில்லை. ராத்திரி ஒன்பது வாக்கில், மாடாக்குழியில் இருந்த நோக்கியா அடித்தது. பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன், பத்து வயசு. பச்சை வெளிச்சம் வந்தது. சட்டம் எனக்குத் தெரியும், எடுக்கவில்லை. ஒரு ரிங்கோடு நின்றது. நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு, நாங்களும் நல்லா இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு அப்பா தூங்கப் போனார். மறுநாள் எடுத்து அடக்கம் செய்த பிறகுதான் அவருக்குச் சேதி போனது.

அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

*

ரோமிங் பற்றிச் சித்தி மகனுக்கு நான் சொன்னது கொஞ்சம்தான். உன் மதுரை சிம் சிங்கப்பூரில் டேட்டா எடுத்தால், பொதுவாக அந்த டேட்டா நேராக இணையத்துக்குப் போகாது. இந்தியாவில் இருக்கும் உன் கம்பெனிக்குத் திரும்பி வந்து, இங்கிருந்துதான் வெளியே போகும். பக்கத்து அறையில் இருக்கும் நண்பனுக்கு ஒரு போட்டோ அனுப்பினால் அது கடலுக்குள் இறங்கி இங்கே வந்துவிட்டு மறுபடி அங்கே போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002இல் வந்த ஐ2ஐ, அதற்கடுத்து வந்த டாடா கம்பி எல்லாம் அந்த 1870 தந்திக் கம்பி போன அதே கடலில்தான் கிடக்கின்றன. இரண்டுமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த ஊர் கம்பெனி உன் கம்பெனியிடம் மொத்த விலை வாங்கும், உன் கம்பெனி அதன்மேல் தன் பங்கை வைக்கும். பழைய பங்குக் கணக்குக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள். இந்த மொத்த விலைக்கு அரசு வரம்பு போட்ட இடத்தில்தான் கட்டணம் அடங்கியது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்குள் தனி ரோமிங் கட்டணத்தையே எடுத்துவிட்டது. நமக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் அப்படி எதுவும் இல்லை.

முதல்முறை கொழும்பு போனபோது எனக்கு இது தெரியாது. போனைப் பையில் வைத்துக்கொண்டு காலி முகத்திடலில் சும்மா நடந்துகொண்டிருந்தேன், உள்ளே அது படங்களை மேலே ஏற்றிக்கொண்டும் ஆப்களைப் புதுப்பித்துக்கொண்டும் இருந்திருக்கிறது. பில்லைப் பார்த்து வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சிவப்பு எண் கண்ணுக்கு முன்னால் ஏறிய காலத்தில் அம்மா இப்படி ஏமாந்ததே இல்லை.

ஆகவே: டேட்டா ரோமிங்கை இங்கேயே அணை. நாலு நாள் பயணமென்றால் பேக் சரி. வேலைக்குப் போகிறவன் அங்கத்து சிம்மோ இ-சிம்மோ வாங்கு. மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள். வாய்ஸ்மெயில் போட்டிருந்தால் எடுத்துவிடு. நீ எடுக்காத கால் அங்கே வந்து, திரும்ப இந்தியாவுக்கு வாய்ஸ்மெயிலுக்குப் போனால் இரண்டு பக்கமும் உன் தலையில் விழும். ஊர் சிம்மைத் தூக்கிப் போடாதே, பேங்க் ஓடிபி அதில்தான் வரும். 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் எண்ணைத் துண்டித்துவிடுவார்கள். அதனால்தான் மேலூர் ரீசார்ஜ் கடைகளில் மகன் துபாயில் இருக்க, அவன் எண்ணுக்கு அம்மாமார்கள் காசு கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

துபாய் கதை வேறு. அங்கே டேட்டா இருந்தாலும் வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அந்த அரசு விடுவதில்லை. பாட்டிம் போல அனுமதி வாங்கிய ஆப்கள்தான். சவுதி இந்தத் தடையை 2017 செப்டம்பரில் எடுத்தது. அப்பா அதற்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

விடிகாலை சித்தி வீட்டில் போன் அடித்தது. அவன் ஊர் எண்தான், டேட்டாவை அணைத்துவிட்டு அடித்திருக்கிறான். நாங்கள் எல்லோரும் முழித்துத்தான் இருந்தோம். அப்பா திண்ணையில் படுத்திருந்தார். சித்தி போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், எடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்றாவது அடித்தபோது, "எடுத்துருங்க சித்தி" என்றேன். திண்ணையில் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.