முன்னாள் என்னும் அடைமொழி: தமுமுகவின் தோற்றமும் அதைச் சூழ்ந்த விவாதங்களும்

மதுரை காஜிமார் தெருவிலோ, கோரிப்பாளையத்திலோ, நெல்பேட்டையிலோ வாழும் நம் குடும்பங்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் என்ற பெயரை அறியாதவர் அரிது. ஆனால் அப்பெயரைக் கேட்டதும் எழும் நினைவு வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒருவர் நள்ளிரவில் வந்த ஆம்புலன்ஸை நினைப்பார். இன்னொருவர் தர்கா ஸியாரத் குறித்து மஹல்லாவில் எழுந்த சச்சரவை நினைப்பார். மூன்றாமவரோ, "அவர்கள் முன்பு சிமியில் இருந்தவர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்பது சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே அவ்விசாரணையின் முதற்படி.

இந்திய இஸ்லாமிய மாணவர் இயக்கமான சிமி, 1977இல் அலிகரில் தோன்றியது. தமுமுகவின் முன்னணித் தலைவரான பேராசிரியர் எம். எச். ஜவாஹிருல்லா உள்ளிட்ட சிலர் தம் இளமையில் அதில் பங்கேற்றவர்கள். சிமி தடை செய்யப்பட்டதோ 2001 செப்டம்பரில். தமுமுக தோன்றியது அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக, 1995இல். பிற்காலத் தடையைக் கொண்டு முற்காலத்தை அளப்பது வரலாற்று முறையாகாது. அதேவேளை, நிறுவியவர்களின் கடந்தகாலம் குறித்துக் கேள்வியே கேட்கலாகாது என்பதும் முறையன்று.

1995இல் இத்தகைய அமைப்பு ஏன் தேவைப்பட்டது? 1992 டிசம்பர் 6இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. தடா சட்டத்தின் பெயரால் இளைஞர்கள் பலர் சிறைப்பட்டனர். சமுதாயத்தின் மூத்த கட்சியான முஸ்லிம் லீக் தமக்காக உரத்துப் பேசவில்லை என்ற மனக்குறை இளந்தலைமுறையிடம் இருந்தது. அந்த ஆவேசத்திற்கு முன் இரண்டு பாதைகள் திறந்தன. ஒன்று, 1993இல் உருவான அல் உம்மா சென்ற வன்முறைப் பாதை. மற்றொன்று, மனு, ஆர்ப்பாட்டம், மாநாடு என்னும் வெளிப்படையான பாதை. தமுமுக இரண்டாவதைத் தன் வழியாக அறிவித்தது.

ஆயினும் ஐயம் அதை விட்டுவிடவில்லை. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதையடுத்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14இல் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். அதன்பின் முஸ்லிம் பெயர் தாங்கிய அமைப்பு எதுவாயினும் சந்தேகத்தின் நிழலில் நின்றாக வேண்டியிருந்தது.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. அமைப்பாளராக விளங்கிய மார்க்க அறிஞர் பி. ஜைனுல் ஆபிதீனின் தவ்ஹீத் பிரச்சாரம், தர்காக்களோடு பின்னிப் பிணைந்த மதுரை போன்ற ஊர்களில் சுன்னத் ஜமாஅத்தினரை விலகி நிற்கச் செய்தது. அனைத்து முஸ்லிம்களுக்குமான உரிமைக் குரலா, கொள்கைச் சீர்திருத்த இயக்கமா என்ற கேள்வி முற்றி, 2004இல் அவர் பிரிந்தார். தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் பிறந்தது. பல வீடுகளில் அண்ணன் ஓர் அணியிலும் தம்பி மற்றோர் அணியிலுமாக நின்றனர்.

அதே ஆண்டின் இறுதியில் ஆழிப்பேரலை வந்தது. கடலோர மாவட்டங்களில் தமுமுக தொண்டர்கள் மதம் பாராமல் உடல்களை மீட்டு அடக்கம் செய்தனர். 2007இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. பல அமைப்புகள் கேட்டுப் பெற்ற அந்த உரிமையில் தமுமுகவின் பங்கும் உண்டு. 2009இல் மனிதநேய மக்கள் கட்சியைத் தொடங்கி, 2011இல் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளை வென்றது. உரிமைக்காகத் தெருவில் நின்றவர்கள் கூட்டணிப் பேரத்தில் அமரலாமா என்ற புதிய விமர்சனமும் அப்போது எழுந்தது.

உஹதுப் போரில் முஸ்லிம்களுக்கு எதிராக வாளேந்திய காலித் பின் வலீத் (ரலி) அவர்களே பின்னாளில் இஸ்லாத்தின் மாபெரும் தளபதியானார்கள். முன்னாள் என்பது அவர்களுக்குத் தடையாகவில்லை. அதே காலிதைத் தளபதிப் பொறுப்பிலிருந்து உமர் (ரலி) அவர்கள் விலக்கினார்கள். வெற்றிகளின் புகழும் அவர்களுக்குக் கேடயமாகவில்லை. அமைப்புகளை எடைபோடுவதற்கு இவ்விரண்டு பாடங்களும் சேர்ந்தே தேவை.

நாளை உங்கள் மகன் ஓர் அமைப்பில் சேர விரும்பினால், அதன் தலைவர் முன்பு எங்கிருந்தார் என்று கேளுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்று அது எதைப் பகிரங்கமாகச் செய்கிறது, வசூலிக்கும் பணத்திற்கு யாரிடம் கணக்குக் காட்டுகிறது, தவறு நேர்ந்தால் அங்கே கேள்வி கேட்க இடமுண்டா என்றும் கேளுங்கள். நீதியோடு தீர்ப்பளிக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.