பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்த குடில்

ஆவடியைத் தாண்டி மேற்கே போகும் மின்ரயில் இந்து காலேஜ் நிலையத்தை விட்டால் அடுத்து நிற்பது பட்டாபிராம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்த வழியாகத்தான் போனது. பட்டாபிராமிலிருந்து ராணுவக் கிடங்குகளுக்கென்று கிளைப்பாதையும் பிரிகிறது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது. அந்த வேலைகளை நம்பி வந்த குடும்பங்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், வேலூர் என்று ஒவ்வொருவரும் ஊர்ப் பாட்டையும் ஊர்ப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள்.

டிசம்பரில் இந்தப் பகுதித் தெருக்களில் நடந்தால் அது தெரியும். மாடியில் காகித நட்சத்திரம், வாசலில் கோலம், இரவு ஒன்பதுக்கு மேல் கேரல் குழு. டோலக்கும் கிட்டாருமாக வரும் பிள்ளைகளுக்குச் சபையார் வீட்டில் தேநீரும் முறுக்கும் கிடைக்கும். பக்கத்து இந்து வீட்டிலிருந்தும் ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்கும் வந்து ஒரு பாட்டுப் பாடிட்டுப் போங்கப்பா" என்பார். தீபாவளிக்கு வந்த பலகாரத் தட்டு கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு திரும்பிப் போகும்.

இதை வெறும் நல்லிணக்கக் காட்சி என்று சொல்லிக் கடந்துபோனால் பாதி வரலாறு விட்டுப்போகும். தமிழ்க் கிறிஸ்தவக் கலை கோயிலுக்குள் மட்டும் உருவானதல்ல. அக்கம்பக்கத்தார் கைபட்டே அது உருவானது.

குடிலையே எடுத்துக்கொள்ளலாம். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்த காட்சியிலிருந்து பரவிய வழக்கம் இது. தமிழ் வீடுகளில் அதற்கு வேறு மண் கிடைத்தது. பண்டிகைக்குச் சில நாள் முன்பே தகர டப்பாவில் கேழ்வரகோ கம்போ விதைத்து, முளைத்த பசும்பயிரைக் குடிலைச் சுற்றி வயலாக வைப்பார்கள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கினால் மலை, உடைந்த கண்ணாடித் துண்டு குளம். நடுவில் வைக்கும் பொம்மைகள் யார் செய்தவை? மதுரைக்கு அருகே உள்ள விளாச்சேரியில் பரம்பரையாக மண்பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, அது முடிந்ததும் மரியாளும் சூசையும் மூன்று ஞானிகளும். தசாவதாரத்துக்கு இமை தீட்டிய தூரிகையே குழந்தை இயேசுவுக்கும் இமை தீட்டுகிறது. அதனால்தான் பல குடில்களில் மரியாளின் முகம் நமக்கு ஏற்கெனவே தெரிந்த முகமாக இருக்கிறது.

இப்படித் தமிழ் முகம் கொடுக்கும் பழக்கம் நேற்று வந்ததல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி, 3,615 பாடல்களில் சூசையப்பரைக் காப்பியத் தலைவனாக்கி, யூதேயாவைத் தமிழ் நிலமாகவே வருணிக்கிறது. விருத்தாசலம் பக்கத்தில் உள்ள கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி அன்னை, சேலையுடுத்திய தமிழ்ப் பெண். அந்தச் சுரூபத்தை மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் என்பது திருத்தல மரபு. இத்தாலியில் பிறந்தவர் பிலிப்பைன்ஸில் வடிக்கச் சொன்னது தமிழ்ப் பெண்ணின் சாயலை!

தஞ்சையில் இன்னும் சுவையான கதை நடந்தது. வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) மன்னர் இரண்டாம் சரபோஜியும் மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்து கற்றவர்கள். ஒருவர் கவிஞரானார், மற்றவர் அரியணை ஏறினார். மன்னரைத் தலைவராக்கிக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபால குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அதே ஊரில் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். குறி சொல்லும் குறத்தி, வலை வீசும் சிங்கன் எல்லாரும் அதில் உண்டு. இரண்டு நூல்களும் ஒரே மேடை மரபின் பிள்ளைகள். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் முக்கிய இடம் பெற்றன. இன்று புறநகர் வீட்டு ஜெபக்கூட்டங்களில் கைத்தாளத்தோடு பாடும் கீர்த்தனைகளுக்கு அதுவே வழி.

ஆனால் அக்கம்பக்கம் என்றால் சேரியும் அக்கம்பக்கம்தானே? அங்கேதான் இந்த வரலாறு வலிக்கிறது. ஆலயங்களில் சாதிவாரி இருக்கையை ஒழிக்கப் புதிய மிஷனரிகள் முனைந்தபோது சாஸ்திரியார் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரிக்கச் சுவரே எழுப்பினார்கள். 1910இல்தான் அது இடிபட்டது. குறவஞ்சி நுழைந்த வழிபாட்டில் பறை நுழைய இன்னும் பல தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. 1969இல் தோன்றிய மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அந்தக் கதவைத் தட்டியவர். 'பரட்டை அண்ணன்' என்று அறியப்பட்ட அவர், நாட்டுப்புற மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் முழு வழிபாட்டையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதே அவருக்கு நற்கருணையின் பொருள். தமிழ்க் கிறிஸ்தவ இசையில் சாஸ்திரியாருக்கு இணையாக வைக்க வேண்டிய பெயர் இது. பாதிச் சபைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாதது பெரும் குறை.

ஓவியத்திலும் சிற்பத்திலும் அக்கம்பக்கத்தார் கைபட்ட அதே கதைதான். சென்னை ஓவியக் கல்லூரியை வழிநடத்திய கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் கிறிஸ்தவர்கள் அல்லர். பணிக்கரின் தூரிகையிலும் தனபாலின் உளியிலும் துயருறும் கிறிஸ்து மீண்டும் மீண்டும் வந்தார்.

2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தாயிற்று. இனி தெருக்கள் மாறும். அடுக்கக வாயிலில் அனுமதி கேட்டுத்தான் கேரல் குழு உள்ளே போக முடியும் என்ற நிலை வரும். சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் வரலாறு எழுதப் பலர் இருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்பின் ஓட்டுக்கூரைச் சபைக்கு எழுத ஆளில்லை. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ச் சபைகளில் பழைய பாட்டு நோட்டுகள், கேரல் குழுப் படங்கள், குடில் அமைத்தவர்களின் பெயர்கள் இருந்தால் இந்த டிசம்பருக்குள் சேகரியுங்கள். மூத்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். குடில் பொம்மை வாங்குவதானால் மண்ணில் செய்ததையே, செய்தவரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.