லயத்துப் பிள்ளையும் பள்ளிக்கூடமும்



நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தின் நீர் 1950ஆம் ஆண்டு முதல் லக்சபானாவில் மின்சாரமாகி நாட்டுக்கு ஒளி தந்து வருகிறது. அந்நீரைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்கள் பலவற்றிலோ, பிள்ளைகள் அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கின் கீழேயே படித்தனர்.

தோட்டப் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கியமைக்குப் பெற்றோரின் அசட்டையே காரணம் என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இக்கூற்றை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்புவித்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ளோர்க்குப் பள்ளி வேண்டுமென்றது. முற்பகல் பத்து மணிக்கு முன் அவர்களை வேலைக்கு அழைத்தலாகாது என்றும் விதித்தது. பத்து மணிக்குப் பின் மலைக்குப் போகலாம் என்பதன்றோ இதன் மறுபொருள்! பிள்ளையைக் கொழுந்துக் கூடையிலிருந்து முற்றாக விடுவிக்க அச்சட்டத்திற்கு மனம் வரவில்லை. பல தோட்டங்களிற் பள்ளியென்பது ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு, அவ்வளவே.

இனிக் குடும்பத்தைப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய் மாலையிலேதான் திரும்புவாள். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விடலாம்; இடைப்பட்ட பிள்ளைகளைப் பார்ப்பவர் யார்? மூத்த பெண்தான். அவளுடைய பள்ளிக்கல்வி அத்துடன் முடிந்தது. பையனுக்கோ, தோட்டத்திற் பெயர் பதிந்தால் அன்றே கூலி. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தம் மக்களை அட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தனர். பிள்ளைப் பாசம் இரு வீட்டிலும் ஒன்றே, வருவாய்தான் வேறு.

1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகள் அரசாங்க அமைப்புக்குப் புறம்பாக இருந்தமையால் அதன் பயன் லயத்தை முழுமையாக எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் போயிற்று. படித்தாலும் அரசாங்க உத்தியோகம் இல்லை என்று கண்ட தகப்பன் மகனை மலைக்கு அனுப்பினான் என்றால், அதனை அசட்டை என்பது பொருந்துமா? அவன் தனக்குத் தெரிந்த கணக்கைச் சரியாகவே போட்டான்.

அமெரிக்காவில் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை, மாணவர் தேர்ச்சியிற் பள்ளியைவிடக் குடும்பச் சூழலே மிகுந்த செல்வாக்குடையது என்றது. 1983இல் ஹைன்மன், லொக்ஸ்லி எனும் இருவர் 29 நாடுகளை ஆராய்ந்து, வறிய நாடுகளில் ஆசிரியரும் பள்ளியுமே பெரிதும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்றனர். இம்முடிபைப் பின்வந்தோர் சிலர் மறுத்ததுண்டு. எனினும் மலையகம் இவ்விருவர் பக்கமே சாய்கிறது என்பது என் எண்ணம்.

ஏனெனில், 1970களின் பிற்பகுதியில் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது லயம் மாறவில்லை, பெரட்டும் மாறவில்லை. 1980களிற் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. மேல் வகுப்புகள் தொடங்கின. புதிய ஆசிரியர்கள் நியமனம் பெற்றனர். அதே பெற்றோர் தம் பிள்ளைகளைக் கூடுதலாக அனுப்பத் தலைப்பட்டனர். அப்புதிய ஆசிரியருட் பலர், அதே லயங்களிற் பிறந்து வளர்ந்தவர்கள்.