தூய வித்து என்னும் கனவு

கலப்பு என்ற சொல் நம் வழக்கில் இரு முகம் கொண்டது. பாலில் கலப்பென்றால் குற்றம். வயலில் கலப்பென்றால் விளைச்சல். மக்காச்சோளமோ பருத்தியோ பயிரிடும் நம் உழவர் ‘வீரிய ஒட்டு’ என்று மதிப்போடு சொல்வார்; அவரே வீட்டுக் கொல்லைக்கு என்று வரும்போது ‘நாட்டு விதை’ தேடுவார். இவ்விரண்டு மனநிலைகளுக்கும் இடையிலான இழுபறி பயிர் வரலாறு முழுவதும் உண்டு. அதை மிகத் துலக்கமாகக் காட்டும் செடி ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அது கஞ்சாச் செடி. நம் நாட்டில் சட்டம் தடுத்திருக்கும் பயிர் அது; வரலாறாகவே அதைப் பார்க்கிறோம். சட்டம் அனுமதிக்கும் சில நாடுகளில் அதன் விதையை வாங்கப் போகிறவர் முன் இரு வகைப் பொட்டலங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்று, ஒரு நிலப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக விளைந்த தூய நாட்டு வித்து. மற்றது கலப்பின வித்து. எதைத் தேர்வது என்பது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியாகத் தோன்றும். அதற்குள் ஒன்றரை நூற்றாண்டின் கதை இருக்கிறது.

முதலில் ‘தூய’ என்ற அடைமொழியைக் கவனிப்போம். தூய வழி என்ற கருத்தை 1903ஆம் ஆண்டில் வரையறுத்தவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன். அவர் ஆராய்ந்தது அவரைச் செடியை. அவரை தன் பூவின் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது; ஆகவே அதில் தாயும் தந்தையும் ஒன்று, வழி மாறாது. கஞ்சாவோ ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்று பிரிந்தது. காற்றே தூது. பக்கத்து ஊர் ஆண் செடியின் மகரந்தம் பறந்து வந்து இவ்வூர்ப் பெண் செடியைச் சூல்கொள்ள வைக்கும். யோஹான்சன் சொன்ன பொருளில் தூய்மை என்பது இச்செடியின் இயல்புக்கே ஒத்துவராதது. இங்கே நாட்டு வித்து என்றால் ஒரே அச்சில் வார்த்த செடிகள் என்று பொருள் இல்லை. ஒரு மண்ணுக்கும் மழைக்கும் பழகி, தமக்குள் வேறுபட்டாலும் குடும்பச் சாயல் மாறாத ஒரு கூட்டம் என்றே பொருள்.

பெயரிட்ட கதையும் இதே குழப்பத்தைக் கொண்டது. லின்னேயஸ் 1753இல் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று ஓர் இனத்தைப் பதிந்தார். ஐரோப்பாவில் நாருக்காக வளர்ந்த செடி அது. லாமார்க் 1785இல் இந்தியாவிலிருந்து சென்ற செடிகளைப் பார்த்து ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்று வேறோர் இனத்தை வகுத்தார். 1976இல் ஸ்மால், குரோன்குவிஸ்ட் என்னும் இருவர் எல்லாம் ஒரே இனம்தான், உள்ளே இரண்டு துணையினங்கள் என்று எழுதினர். அவர்கள் ஒரு வசதிக்காக 0.3 விழுக்காடு என்று போதைப்பொருள் அளவுக்கு ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு 2018இல் அமெரிக்க வேளாண் சட்டத்தில் ஏறி அமர்ந்தது. வகைப்பாட்டியலாளர் கிழித்த கோட்டுக்கு இப்பால் நிற்பவன் உழவன், அப்பால் நிற்பவன் குற்றவாளி என்றாயிற்று.

இதற்கெல்லாம் முன்பே, பெயர்களைப் பற்றிக் கவலைப்படாமல் இச்செடியை அறிந்தவர்கள் வங்காளத்தில் இருந்தார்கள். இன்று வங்கதேசத்தில் உள்ள நவகாவ் பகுதியில் ஆங்கிலேய அரசு உரிமம் கொடுத்து, வரி வாங்கி, கஞ்சா பயிரிட வைத்தது. 1893இல் டேவிட் பிரெய்ன் அப்பயிரைப் பற்றித் தனி அறிக்கை எழுதினார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையமும் அதை விரிவாகப் பதிந்திருக்கிறது. அங்கே ‘பொத்தார்’ என்றொரு தொழிலாளி உண்டு. வயலில் நடந்து, ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்கி எறிவது அவர் வேலை. சூல் கொள்ளாத பெண் பூவிலேயே பிசின் மிகும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. ஆனால் விதை இல்லாமல் அடுத்த பருவம் எப்படி? பொத்தாரின் கண்ணுக்குத் தப்பிய ஆண் செடியின் புண்ணியத்தில் விளைந்த சில விதைகளே வழிவழி வந்தன. வித்து பிழைத்தது கவனத்தாலும் கவனப் பிசகாலும் என்று சொல்ல வேண்டும்.

பிறகு சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, 1973இல் நேபாள அரசு உரிமங்களை நீக்கியது, 1985இல் இந்தியாவின் போதைப்பொருள் தடைச் சட்டம் என்று கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. அதே ஆண்டுகளில்தான் ஆப்கானிஸ்தானத்து வித்தும் மெக்சிகோ, கொலம்பியா வித்துகளும் பயணிகளின் பைகளில் கலிபோர்னியா சேர்ந்தன. வெப்ப நாட்டுச் செடி உயரமாக வளர்ந்து மெதுவாகப் பூக்கும்; வடக்கின் குளிர் அதற்குள் வந்துவிடும். ஆப்கானியச் செடி குட்டை, முந்திப் பூப்பது. இரண்டையும் கலந்தால் முன்னதன் குணமும் பின்னதன் வேகமும் கிட்டும் என்று கணக்கிட்டார்கள். 1970களில் அவ்வாறு உருவாகி, 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்து சென்று, அங்கிருந்து உலகமெங்கும் பரவிய கலப்பினம் ‘ஸ்கங்க்’. 1983 முதல் கலிபோர்னியாவில் ஹெலிகாப்டர்கள் தோட்டங்களைத் தேடிப் பறந்தபோது, பயிர் வீட்டுக்குள் விளக்கடியில் ஒளிந்துகொண்டது. கூரைக்குள் அடங்கும் குட்டைச் செடியே அப்போது தேவைப்பட்டது. ஆக, இன்றைய கலப்பினத்தின் உருவத்தை உழவன் மட்டும் செதுக்கவில்லை. அவனைத் துரத்திய காவலரும் சேர்ந்தே செதுக்கினார்.

கலப்பின வித்தின் இயல்பை மக்காச்சோளத்தின் வழியே ஜார்ஜ் ஷல் 1908இல் விளக்கினார். வேறுபட்ட இரு வழிகளைக் கூட்டினால் முதல் தலைமுறை பெற்றோரைவிட வீரியமாக, ஒரே சீராக வரும். அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் குணங்கள் சிதறும். எனவே ஆண்டுதோறும் விதைக்கடைக்குப் போக வேண்டும். நாட்டு வித்தோ விளைச்சலில் குறைந்திருக்கலாம். ஆனால் வீட்டுக் குதிரிலேயே அடுத்த ஆண்டும் இருக்கிறது.

இந்தத் தேர்வு வாழ்க்கையோடு மோதிய இடம் மொராக்கோவின் ரீஃப் மலைத்தொடர். அங்குள்ள நாட்டு வகைக்கு ‘பெல்தியா’ என்று பெயர். நாட்டு வகை என்றே அதற்குப் பொருள். வசந்தத் தொடக்கத்தில் விதைத்தால் வானம் பார்த்தே விளைந்துவிடும். 2000க்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து கலப்பின வித்துகள் வந்தன. பிசின் பல மடங்கு கிடைத்தது. ஆனால் கோடை முழுதும் நீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. மலையில் கிணறுகள் ஆழமாயின, ஊற்றுகள் வறண்டன. தோட்டமும் தண்ணீரும் உள்ளவன் பிழைத்தான். மானாவாரிக்காரன் பெல்தியாவோடு பின்தங்கினான். 2021இல் மொராக்கோ மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கு இப்பயிரைச் சட்டபூர்வமாக்கியது. 2024 ஆகஸ்டில் மன்னர் 4,800க்கும் மேற்பட்ட பயிரிடுவோருக்கு மன்னிப்பு வழங்கினார். அதே ஆண்டு உரிமம் பெற்ற வயல்களில் பெல்தியாவும் இடம்பெற்றது. இருபது ஆண்டுகளாக ஏளனம் செய்யப்பட்ட வித்து, தண்ணீர் இல்லாத காலத்தில் மறுபடி அழைக்கப்படுகிறது.

அழைத்தால் வர அது எங்கும் மிச்சமிருக்க வேண்டுமே என்பதுதான் கவலை. 2020இல் மெக்பார்ட்லண்ட், ஸ்மால் ஆகியோர் தெற்காசிய, நடு ஆசிய நாட்டு வகைகளை வகைப்படுத்தி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘அழிவின் விளிம்பில்’ என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. வெட்டியவர் யாருமில்லாமலேயே அவை கலப்பில் கரைகின்றன. காற்று அல்லவா தூது! மறுபுறம், தூயது என்று விற்கப்படுவதும் தூயதல்ல. 2015இல் வெளியான மரபணு ஆய்வொன்றில், முழு சட்டைவா என்று பெயர் பெற்ற ஜமைக்கா வகை ஒன்று முழு இண்டிகா என்ற ஆப்கானிய வகையோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2021இல் 110 மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வோ, இச்செடி ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆசியாவில் பழக்கப்பட்டது என்றும், அதன் கலப்பற்ற காட்டு மூதாதை அழிந்துவிட்டதாகவே தெரிகிறது என்றும் முடிவு சொன்னது.

சுவடிப் பதிப்பு பற்றி வகுப்பில் பேசும்போது மாணவர்கள் ‘மூலபாடம் எது ஐயா?’ என்று கேட்பதுண்டு. ஆசிரியரின் கைச்சுவடி கிடைக்காது, வழிவழியாகப் படியெடுத்த ஏடுகளும் அவற்றின் பாடபேதங்களுமே நமக்குக் கிடைத்தவை என்று பதில் சொல்வோம். அதற்காக எந்த ஏட்டையும் தீயில் இடுவதில்லை. ஒவ்வோர் ஊர் ஏட்டையும் தேடிச் சேர்த்தவர்களால்தான் பதிப்பே உண்டாயிற்று. வித்துக்கும் அதே நியதி பொருந்தும். கலப்பினத்தை விதைப்பவர் குற்றம் செய்யவில்லை. ஆனால் அவர் கலப்பதற்கே இரண்டு பழைய வித்துகள் வேண்டும். அவை குளிர்பதனப் பெட்டியில் சில காலம் உறங்கலாம். பிறந்த மலையில், பெய்யும் மழையில், ஆண்டுதோறும் ஒருவர் விதைத்துக்கொண்டிருந்தால்தான் அவை தம் மண்ணோடு பழகிக்கொண்டே இருக்கும். ரீஃப் மலையில் எல்லோரும் ஏளனம் செய்த காலத்திலும் பெல்தியாவைக் கைவிடாமல் விதைத்த மானாவாரிக்காரர்கள் அந்த வேலையைத்தான் செய்தார்கள். அவர்களை அதற்குமுன் யாரும் பாதுகாவலர் என்று அழைத்ததில்லை.